அம்மா கரைத்த சேறு

அக்கா,

இன்று காலை எங்கள் பள்ளிக்கூட வேலிக்கு நடுவதற்காகச் செம்பருத்திச் செடிகள் வந்தன. குனோங் ராபாட் பக்கம் யாரோ வீட்டு வேலியைப் பிரித்தபோது பிடுங்கியவையாம். வேரில் ஒரு பிடி மண்கூட இல்லை. வண்டிக்காரர் ஒருவர் அவற்றைப் பழைய காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து வாசற்படியில் போட்டுவிட்டுப் போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானம் பாடம் முடிந்ததும் நடலாம் என்றார் வாத்தியார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அதற்குள் வேர் காய்ந்துவிடும் ஐயா, சேற்றில் முக்கி நிழலில் வைக்க வேண்டும் என்றேன். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. உனக்குத் தெரியுமென்றால் நீயே செய் என்றார்.

கால்வாய் ஓரத்துக் களிமண்ணையும் மாட்டுக்கொட்டகைச் சாணத்தையும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கையை விட்டுப் பிசைந்ததும் அந்த வாடை எழுந்தது. அது மூக்கில் ஏறியபோது எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்திருக்க வேண்டும். ஆனால் நினைவில் வந்தது நீங்கள்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. கையைத் தேங்காய் நாரால் மூன்று முறை தேய்த்துக் கழுவியும் வாடை நகத்தடியில் இருக்கிறது. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை இன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் தோட்டத்து நாற்றங்கால் ஆற்றோரம் இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் வெகு தொலைவில், புதிதாகக் காடழித்த மலைச்சரிவில் நட வேண்டிய ரப்பர்க் கன்றுகள் எல்லாம் அங்கேதான் வளர்ந்தன. நடும் பருவம் வந்தால் வெயிலுக்கு முன்பே ஆண்கள் கன்றுகளை நெம்பிப் பிடுங்குவார்கள். தலையை வெட்டி, ஆணிவேரின் நுனியைச் சீவி, வெறும் கட்டையாக்கி அம்மாவின் பக்கம் போடுவார்கள். அம்மாவுக்குச் சேற்றுத் தொட்டி வேலை. களிமண்ணும் சாணமும் கரைத்த சேற்றில் வேரை முழுக்க முக்கி எடுப்பாள். கையை உள்ளே விட்டு எடுத்தால் நகம் தெரியக்கூடாது என்பது அவள் கணக்கு. தெரிந்தால் இன்னும் ஒரு கூடைக் களிமண்.

அதற்குப் பிறகு எல்லாம் உங்கள் கையில். இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, வாழைமட்டையில் சுற்றி, வண்டியில் அடுக்கி, நனைத்த சாக்கால் மூடுவீர்கள். வண்டியோடு நடந்துபோய் வழியில் மூன்று இடத்தில் சாக்கை மறுபடி நனைப்பீர்கள். ஏன் இத்தனை பாடு என்று நான் ஒருமுறை கேட்டேன். "வேரு மீன் மாதிரி புள்ள. வெளிய எடுத்தா அதுக்கு மூச்சு முட்டும்" என்றீர்கள். அதை நான் என் நோட்டில் எழுதி வைத்தேன். எனக்குப் பிடித்ததை எல்லாம் எழுதி வைப்பது என் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். நாற்றங்காலில் நிழல் இருந்தது. பிறந்து சில மாதமே ஆன தம்பியை மரக்கிளையில் ஏணை கட்டிப் போட்டுவிட்டு அம்மா வேலை செய்யலாம். புல்வெட்டும் கும்பலுக்கு அது முடியாது. மொட்டை மலையில் கைப்பிள்ளையை எங்கே போடுவது? நம் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையும் இல்லை. அந்தக் கும்பலில் இருந்த பெண்களின் மூத்த பெண்பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் சிலேட்டை ஆணியில் மாட்டிவிட்டு, இடுப்பில் ஒரு பிள்ளையோடு லயத்து வரிசைவீட்டு வாசலில் நின்றார்கள். நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன். அம்மா தொட்டியில் இருக்கும் வரைக்கும்தான் எனக்குப் பள்ளிக்கூடம். இதை அம்மா உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்.

லயத்தில் நமக்கு அடுத்தடுத்த அறை. உங்கள் வீட்டுக்காரர் கப்பலில் இங்கே வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். ஊரில் உங்கள் அம்மாவிடம் விட்டுவந்த மகனுக்கு ஐந்து வயது. உங்களுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் உங்கள் கடிதங்களுக்கு நான்தான் வாய். என்னை "சின்ன வாத்திச்சி" என்று கூப்பிடுவீர்கள். மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டால் கேலியாக இருக்கும். நீங்கள் கூப்பிட்டால் நான் அரை அங்குலம் வளர்வேன். "நீ வாசிச்சாத்தான் எம் புள்ள கொரலு கேக்குது" என்று நீங்கள் சொன்ன நாளில் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

அந்த வண்டி நாளைப் பற்றி எழுதாமல் முடியாது.

முதல் நாள் மாலையே சொல்லிவிட்டீர்கள். சிம்பாங் பூலாய் முச்சந்தியில் சாயபு கடைக்கு உங்கள் ஊர்க் கடிதம் வந்திருக்கிறதாம். தோட்ட ஆபீசுக்கு வந்தால் கிராணி பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார் என்று நீங்கள் கடை விலாசம் கொடுத்திருந்தீர்கள். வண்டி அந்த வழியாகத்தான் போகும். நீயும் வா, அங்கேயே வாசித்துவிடலாம், சாயங்காலம் வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது என்றீர்கள். நான் பள்ளிக்கூடம் போவதாக அம்மாவிடம் சொன்னேன். சிலேட்டை எடுத்துக்கொண்டு கிளம்பி, அம்மா கண்ணில் படாமல் நாற்றங்கால் வேலிக்கு வெளியே காத்திருந்தேன். கடைசித் தொட்டிக் கன்றுகள் வண்டியில் ஏறும்வரை அங்கேதான் நின்றேன். வண்டி திருப்பத்தைத் தாண்டியதும் ஓடிவந்து ஏறிக்கொண்டேன். வண்டிக்கார அண்ணன் பார்த்தார். பள்ளிக்கூடத்தைத் தோட்டத்து மலைக்கு மாற்றிவிட்டார்களா என்று கேட்டார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

முச்சந்தியில் தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் கள்ளுக்கடைப் பக்கம் போனார். அங்கே சாலையோரக் கால்வாயில் சாக்கை நனைக்க வேண்டும். நீங்கள் தகரத்தைக் கையில் எடுத்தீர்கள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல கடுதாசி. தண்ணி எங்கயும் ஓடிப் போவாது" என்றீர்கள். நானும் அதைத்தான் விரும்பினேன்.

சாயபு கடையில் போய் வாங்கிவந்தோம். உங்கள் ஊர் வாத்தியார் எழுதிய கடிதம் அது. அம்மா, அங்கே மரத்தைக் கீறினால் பால் வருமாமே, எனக்கு ஒரு செம்பு அனுப்பு, ஆயா சர்க்கரை போட்டுத் தரும் என்று உங்கள் மகன் சொல்லச் சொல்ல அவர் எழுதியிருந்தார். நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். கடைசியில் இரண்டு வரி இருந்தது. பையனுக்கு உங்கள் முகம் மறந்துவிட்டதாம். அம்மா உயரமா, குட்டையா என்று கேட்கிறானாம்.

சிரிப்பு நின்றது. எழுந்து என் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, "நான் ஒசரமா புள்ள?" என்று கேட்டீர்கள். என்னைவிட உயரம்தான் அக்கா என்றேன். மறுபடி வாசி என்றீர்கள். வாசித்தேன். இன்னொரு தடவை என்றீர்கள். வாசித்தேன். மர நிழல் வண்டியை விட்டு நகர்ந்து சாலைக்குப் போய்விட்டதை நாம் இருவரும் பார்க்கவில்லை. அண்ணன் வந்து ஏச ஆரம்பித்த பிறகுதான் பார்த்தோம். நேரமாகிவிட்டது, மலையில் கங்காணி நிற்பார் என்று அவர் மாட்டை முடுக்கினார். மூன்று இடத்தில் ஓர் இடத்தில்கூட நனைக்கவில்லை.

மலையடிவாரத்தில் சாக்கைத் தூக்கிப் பார்த்தோம். மேல் கட்டுகளில் சேறு வெளுத்து வெடித்திருந்தது. ஒரு கட்டின் மேல் கையை வைத்தேன், சேறு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே நரம்பு வேர்கள் முறுக்கிக்கொண்டு நூல் மாதிரிக் கிடந்தன. நீங்கள் அங்கிருந்த ஓடையில் தகரத்தில் தண்ணீர் மொண்டு, கையை நனைத்து வெடிப்பின் மேல் தடவினீர்கள். தடவத் தடவ அது புதிய சேறு மாதிரி பளபளத்தது. என்னையும் தடவச் சொன்னீர்கள். நானும் தடவினேன் அக்கா. அதை நான் மறைக்கப்போவதில்லை. கங்காணி வந்து பார்த்தபோது எல்லாம் ஈரமாக இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு நடுகுழிகளுக்கு அனுப்பினார்.

அந்தப் பருவத்தில் போன மற்ற வண்டிக் கன்றுகள் எல்லாம் துளிர்விட்டன. அந்த ஒரு வண்டி மட்டும் துளிர்க்கவில்லை. சில வாரம் கழித்துத் தோட்டத் துரை வந்து நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தாராம். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு. மறுநாள் கங்காணி நாற்றங்காலுக்கு வந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாள் அது. நான் ஏணைக் கயிற்றைப் பிடித்துத் தம்பியை ஆட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, சேற்றை யார் கரைத்தது என்று கேட்டார்.

"நாந்தாங்க. எப்பவும் போலத்தான் கரைச்சேன்" என்றாள் அம்மா.

வண்டியோடு போனது நீதானே என்று உங்களிடம் திரும்பினார். மூன்று இடத்திலும் நனைத்தேன் என்றீர்கள். அந்தப் பொய்யை நான் எதிர்பார்த்தேன். பயத்தில் யாரும் சொல்லக்கூடியதுதான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நீங்கள் மேலும் பேசினீர்கள்.

"கடைசித் தொட்டிச் சேறு தண்ணியா இருந்திச்சுங்க. புள்ள அழுவுதுன்னு அவங்க அவசரத்துல தண்ணிய ஊத்திக் கலக்கிட்டாங்க."

தம்பி அன்று அழுதது உண்மை. நாற்றங்காலில் இருந்த எல்லாரும் கேட்டிருந்தார்கள். அதனால் அவர்கள் தலையாட்டினார்கள். அம்மா "இல்லைங்க" என்றாள், ஒரே ஒரு முறை. பிறகு உங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். இன்னொரு தடவை வாசி என்று கேட்பீர்களே, அதே முகம். நான் ஏணைக் கயிற்றை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த வார்த்தையில் நீங்களே திருத்திவிடுவீர்கள் என்று நம்பினேன். நான் வாசிக்கும் கதைகளில் நல்லவர்கள் கடைசி நிமிஷத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். கங்காணி குடையை விரித்துக்கொண்டு போகும்வரை நான் காத்திருந்தேன்.

அன்று மாலை எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "அன்னிக்கு நீ பள்ளிக்கூடம் போவலையா?" என்பதுதான். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். நானும் பின்னால் வந்தேன். அங்கே நீங்கள் நின்றீர்கள். உன் வாயால் இப்படிச் சொல்லலாமா என்று அம்மா மெதுவாகத்தான் கேட்டாள். நீங்கள்தான் குரலை உயர்த்தினீர்கள்.

"என்னைய ஏன்க்கா கேக்குறீங்க? ஒங்க மவளக் கேளுங்க. நான் ஒரு தடவதான் வாசிக்கச் சொன்னேன். விடாம வாசிச்சுக்கிட்டே இருந்தது யாரு? தன் கொரலு மேல அவளுக்கு அம்புட்டு ஆச."

குழாயடியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். வாத்திச்சிக்குக் குடம் தூக்கத் தெரியுமா என்று ஒருத்தி கேட்டாள். அன்றிலிருந்து நான் அந்த முச்சந்தியை மனதில் ஆயிரம் முறை நடந்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை நீங்கள் கேட்டீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் நீங்கள்தான். நான்காவது ஒன்று இருந்தது. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமல், அந்தப் பால் வரியை மட்டும் நான் நாடகம் மாதிரி வாசித்துக் காட்டினேன். அவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பேச்சு இன்னும் வலிக்கிறது. என்னிடம் நீங்கள் பாராட்டிய ஒன்றை எடுத்தே என்னை அடித்தீர்கள்.

கங்காணியிடம் போய் நானே சொல்கிறேன் என்றேன். அம்மா விடவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியில் ஊர் சுற்றுகிறவள் என்று வாத்தியார் என் பேரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார் என்று பயந்தாள். வண்டிக்கார அண்ணனைக் கேட்டாள். கள்ளுக்கடைக் கதை வெளியே வரும் என்று அவர் வண்டி எங்குமே நிற்கவில்லை என்று சாதித்துவிட்டார். இரண்டு நாளில் அம்மாவைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் நான் சிலேட்டை ஆணியில் மாட்டினேன்.

பத்து மாதம் அக்கா. தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது லயத்துக்குக் கேட்கும். வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்கும். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் சொல்லிப் பார்ப்பேன். பதின்மூன்றாம் வாய்ப்பாடு வந்தபோது எனக்குத் தொடர முடியவில்லை. சாமான் கட்டி வந்த காகிதங்களை நிமிர்த்தி வாசிப்பேன். பாதியில் கிழிந்திருக்கும். அம்மா தோளெல்லாம் வெந்து வருவாள்.

அம்மாவின் தொட்டிக்கு யாரைப் போட்டார்கள் என்று கேட்டபோது நான் முதலில் நம்பவில்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு நாற்றங்காலுக்கு நடந்து வந்தேன். அம்மா சாக்கில் தைத்து வைத்திருந்த முன்துணியை நீங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு சேறு கரைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி கன்றுகளை எண்ணினீர்கள். உங்களுக்கு நாற்றங்கால் வேலை நிலைத்தால் மகனை வரவழைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆசை இருந்தது. அது எனக்குத் தெரியும். அந்த ஆசையை நான்தானே உங்கள் ஊருக்குக் கடிதமாக எழுதினேன். அடுத்த கடிதத்தைச் சாயபு கடையிலேயே வாசிக்க வைத்துக் கேட்டீர்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் பையனின் பேச்சைத் தனியாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்தது எனக்குக் கேட்டது. ஒரு வரியில் தவறு இருந்தது. அப்படி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுந்து வந்து திருத்த வேண்டும் போல இருந்தது. பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல். தோட்ட ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். நீங்கள் என்னைக் கேட்பதாக ஆள் வந்து சொன்னது. நான் போகவில்லை. அம்மாதான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "ஒன்னத்தான் கேட்டா" என்றாள். எதற்கு என்றேன். சொல்லவில்லை என்றாள். ஏதாவது கடிதம் வந்ததா, அல்லது அந்தப் பேச்சைப் பற்றியா, எனக்குத் தெரியாது. நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். நீங்கள் வந்து மன்னிப்புக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பத்து மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பதில். மூன்று வாக்கியம். நாளைக்கு நீங்கள் இல்லை.

உங்களை எடுத்துப் போன ஐந்தாம் நாள் கங்காணி எங்கள் வாசலுக்கு வந்தார். நடும் பருவம் மறுபடி வந்திருந்தது. தொட்டிக்குக் கை பழகிய ஆள் இல்லை. அவர் உள்ளே வரவில்லை. அம்மா தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேர்ந்து நாத்தங்காலுக்கு வந்துரு. ஆனா போன தடவ மாதிரி தண்ணியாக் கரைச்சிராத. கெட்டியா இருக்கணும், புரியுதா?"

அம்மாவின் கை தம்பியின் வாய்க்கு முன்னால் நின்றது. நான் அவள் முகத்தையே பார்த்தேன். இப்போது சொல்லுவாள் என்று நினைத்தேன். வண்டி, முச்சந்தி, கடிதம், தடவிய ஈரம், எல்லாவற்றையும் சொல்லுவாள்.

"சரிங்க" என்றாள்.

அவர் போனதும் ஏனம்மா என்று கேட்டேன். "செத்தவ எழுந்து வந்து ஆமான்னு சொல்லவா போறா? நீ காலையில பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு" என்றாள். அவ்வளவுதான். அடுத்த நாள் தம்பி அவளோடு போனான். நான் சிலேட்டை எடுத்தேன்.

நீங்கள் உயிரோடு இருந்தால் என்றாவது ஒரு நாள் கங்காணியிடம் உண்மையைச் சொல்வீர்கள் என்று நம்பியிருந்தேன். உங்களைத் திட்டிக்கொண்டேதான் நம்பினேன். போகும்போது அதையும் கொண்டுபோய்விட்டீர்கள். இனி நான் எதைச் சொன்னாலும், பதில் பேச முடியாதவர் மேல் பழி போடுகிறவள் என்பார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து படிப்பது நீங்கள் இறந்ததால் வந்தது. அம்மா உங்கள் பொய்க்குச் சரி என்று சொன்னதால் வந்தது. உங்களுக்காக அழலாம் என்று உட்கார்ந்தால் அந்தச் 'சரிங்க' காதில் விழுகிறது. கோபப்படலாம் என்றால் நீங்கள் நிமிர்ந்து நின்று உயரமா என்று கேட்டது கண்ணில் நிற்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் தினமும் பள்ளிக்கூடம் போகிறேன்.

தோட்டத்தில் யாரிடமும் சொல்ல முடியாததை இந்தத் தாளில் எழுதி வைக்கிறேன். அன்று நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசித் தொட்டிச் சேறு கெட்டியாகத்தான் இருந்தது. தம்பி அழுதான். அம்மா ஏணைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனை அழவிட்டுவிட்டு, இன்னும் ஒரு கூடைக் களிமண்ணைத் தொட்டியில் கொட்டி, முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்தாள்.